கணினியில் பாட்டு ஏன் கரகரக்கிறது, ஏன் திக்குகிறது?

புதுக் கணினி, தேவையான அளவு ராம், நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர். எல்லாம் இருந்தும் பாட்டு போட்டால் நடுநடுவே ‘டக் டக்’ என்று வெடிக்கிறது. இல்லையென்றால் பாடுகிறவரின் குரல் ஒரு கணம் திக்கிவிட்டுத் தொடர்கிறது. உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி வேறு வாங்குகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. அடுத்து சவுண்ட் கார்டு மேல் சந்தேகம் வருகிறது. அதுவும் சரிப்படாமல் கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். காசும் நேரமும் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. கணினிக்குள் ஒலி எந்த வழியாகக் காதுக்கு வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பல சமயம் காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

ஒலிக்கு இங்கே இரண்டு நிலைகள். பாட்டுக் கோப்பிலிருந்து சவுண்ட் சிப் வரைக்கும் அது வெறும் எண்கள். சவுண்ட் சிப்பில் ‘டாக்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அது எண்களை மின்சாரமாக மாற்றுகிறது. அதற்கப்புறம் ஜாக், வயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் ஓடுவது மின்சாரம். எண்ணாக இருக்கும்போது ஏதாவது தவறினால் ஒலி வெட்டுப்படும்: திக்கும், ‘டக்’ என்று தெறிக்கும், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், குரல் இயந்திர மனிதன் பேசுவதுபோல் ஆகும். மின்சாரமான பிறகு தவறினால் பாட்டு அறுபடாது, ஆனால் அதோடு வேறொரு சத்தம் சேர்ந்து வரும்: ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், ‘உஸ்’ என்ற இரைச்சல், வயரை அசைத்தால் கரகரப்பு. இந்த இரண்டில் உங்களுடையது எது என்று முதலில் தீர்மானியுங்கள். மற்ற எல்லா வேலையும் அதைப் பொறுத்தது.

காதுக்குப் பிடிபடவில்லையா? பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவைக் கூட்டிப் பாருங்கள். பாட்டே ஓடாதபோதும் சத்தம் வருகிறதென்றால் அது மின்சாரப் பக்கம். பாட்டு ஓடும்போது மட்டும், அதுவும் பிரவுசரில் நான்கைந்து டேப் திறக்கும்போதோ பெரிய கோப்பைக் காப்பி செய்யும்போதோ வருகிறதென்றால் அது எண் பக்கம். எப்போது போட்டாலும் பாட்டின் அதே இடத்தில் கரகரக்கிறது என்றால் கணினியை விட்டுவிடுங்கள். கோப்பே பழுது, அல்லது ஒலியளவு எல்லை மீறுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு சின்ன சோதனை. யூடியூபில் மட்டும் திக்கினால் இணைய வேகமோ பிரவுசரோ காரணமாக இருக்கலாம். அதனால் ஹார்டு டிஸ்கில் இருக்கும் ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது சுத்தமாக ஓடினால் சவுண்ட் செட்டிங்ஸ் எதையும் தொட வேண்டாம்.

வேகம் இருந்தும் தாமதம்

எண் பக்கத்துக் கோளாறுதான் அதிகம் குழப்புவது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கணினியில் ஒலி பெரும்பாலும் ஒரு நொடிக்கு 48,000 எண்களாக ஓடுகிறது. சிடியில் 44,100. ஸ்டீரியோ என்றால் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக இத்தனை. பிராசஸர் இவற்றை ஒவ்வொன்றாகச் சவுண்ட் சிப்பிடம் எடுத்துக் கொடுப்பதில்லை. மெமரியில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி, அதில் கொஞ்சம் எண்களை மொத்தமாக நிரப்பி வைக்கிறது. சவுண்ட் சிப் அங்கிருந்து ஒரே சீராக எடுத்துக்கொண்டே இருக்கும். இந்த இடத்துக்குப் பஃபர் என்று பெயர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது, மோட்டார் அவ்வப்போது ஓடித் தொட்டியை நிரப்புகிறது. தொட்டி காலியாவதற்குள் மோட்டார் போட்டுவிட்டால் கீழே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் தாமதித்தால் குழாய் காற்றைக் கக்கும்.

விண்டோஸில் சாதாரணமாக இந்தப் பஃபரை 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும். 48,000-இல் கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 480 எண்கள். இன்றைய பிராசஸருக்கு இந்த வேலை தூசுக்குச் சமம். ஆனால் சரியாக அந்த நேரத்தில் அது வேறு எங்காவது மாட்டிக்கொண்டால்? எண்கள் வந்து சேராது. ஒலி அலை நடுவில் பட்டென்று அறுந்து, அடுத்த துண்டு வேறொரு உயரத்தில் தொடங்கும். அந்தத் திடீர்த் தாவல்தான் ‘டக்’ என்று கேட்கிறது. ஒன்றிரண்டு தவறினால் ‘டக்’. அடுத்தடுத்துத் தவறினால் கரகரப்பு. நீண்ட நேரம் தவறினால் திக்கல்.

கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கணினி அப்படியே உறைந்துபோய், கடைசியாக வந்த சத்தம் மட்டும் ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஓயாமல் வருவதைக் கேட்டிருப்பீர்கள். பஃபர் வேலை செய்யும் விதத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. பஃபர் ஒரு வட்டம். கடைசிவரை படித்துவிட்டால் சவுண்ட் சிப் மறுபடி தொடக்கத்துக்கே வந்து படிக்கும். படிப்பதற்கு அது பிராசஸரைக் கேட்பதுமில்லை, மெமரியிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. பிராசஸர் உறைந்துவிட்டால் புது எண்களைப் போட ஆளில்லை. சிப்போ பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு, பழைய துண்டையே சுற்றிச்சுற்றிப் படிக்கிறது.

ஆக, கணினி வேகமாக இருப்பது வேறு, நேரத்துக்கு வந்து நிற்பது வேறு. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு 5 சதவீதம்தான் காட்டும், ஒலி மட்டும் திக்கும். விலை உயர்ந்த கணினியிலும் இது நடப்பதற்குக் காரணம் இதுதான்.

யார் வழிமறிக்கிறார்கள்?

நெட்வொர்க், வீடியோ கார்டு, யூஎஸ்பி, ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றையும் இயக்க டிரைவர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வேலை வந்ததும் அவை பிராசஸரின் கவனத்தை இழுத்து, மற்ற புரோகிராம்களை ஓரங்கட்டிவிட்டுத் தங்கள் வேலையை முடித்துக்கொள்ளும். விண்டோஸில் இப்படி நடக்கும் அவசர வேலைக்கு டிபிசி என்று பெயர். ஒரு டிபிசி 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஓடக்கூடாது என்பது டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் விதி. அதாவது ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு. சரியாக எழுதப்படாத டிரைவர் சில மில்லி செகண்டுகள்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுக்க ஒலி காத்திருக்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். திறந்து, மேலே உள்ள பச்சை நிற பிளே பட்டனை அழுத்திவிட்டு, திக்கும் பாட்டை ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். சில நிமிடம் கழித்து அது தீர்ப்பு சொல்லும்: இந்தக் கணினி ஒலிக்கு ஏற்றது, அல்லது சிரமப்படுகிறது. அதோடு நிறுத்திவிடாமல் டிரைவர்ஸ் என்ற டேபுக்குப் போங்கள். அதில் ஒவ்வொரு டிரைவரும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று ஒரு பத்தி இருக்கும். அதன் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் எடுத்தது மேலே வந்து நிற்கும். பெயர் என்டிஐஎஸ் என்று இருந்தால் நெட்வொர்க் பக்கம். என்வி என்று தொடங்கும் நீளமான பெயர் என்விடியா வீடியோ கார்டின் டிரைவர். ஸ்டோர்போர்ட் என்றால் டிஸ்க். ஏசிபிஐ என்றால் மின்சாரச் சிக்கனம் சம்பந்தப்பட்டது.

பெயர் தெரிந்த கையோடு டிரைவரை அழித்துவிட வேண்டாம். என்டிஐஎஸ் மேலே இருந்தால் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு அதே பாட்டை மறுபடி கேளுங்கள். திக்கல் போய்விட்டதா? அப்படியென்றால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரின் புதிய பதிப்பைப் போடுங்கள். புதியதைப் போட்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் பழையதுக்கே திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மூச்சில் ஐந்தை மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் தொல்லை திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

சில நேரம் கோளாறு டிரைவருக்கும் கீழே, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருக்கும். ஏஎம்டி ரைசன் பிராசஸர் உள்ள சில கணினிகளில் எப்போதாவது ஒரு தடவை எல்லாமே ஒரு கணம் நின்று, ஒலியும் இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கலாம். பாதுகாப்புக்காகப் பிராசஸருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம் என்ற பகுதி, மதர்போர்டில் உள்ள ஃபிளாஷ் மெமரியோடு இடையிடையே பேசும்போது கணினி தடைபடுகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டியே அறிவித்தது. மருந்து பயாஸ் அப்டேட்தான், விண்டோஸில் என்ன மாற்றினாலும் தீராது. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து அந்த அப்டேட் வரத் தொடங்கியது. அந்தக் காலத்து ரைசன் மதர்போர்டில் பயாஸைத் தொடவே இல்லையென்றால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

லேட்டன்சிமான் எல்லாம் சரி என்கிறது, இருந்தும் ஒலி தெறிக்கிறதா? சவுண்ட் டிரைவரே காரணமாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் டிரைவரை அப்டேட் செய்யும் இடத்துக்குப் போய், கணினியில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது மைக்ரோசாஃப்டின் பொதுவான டிரைவர். சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருப்பதை அணைத்துப் பாருங்கள். டீஃபால்ட் ஃபார்மேட்டை 16 பிட், 48,000-இல் வைத்துக் கேளுங்கள். 1,92,000 என்று பெரிய எண்ணை வைப்பதால் சாதாரணப் பாட்டு நன்றாகக் கேட்கப்போவதில்லை, கணினிக்கு வேலைதான் கூடும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டால், பிராசஸர் தூங்கி எழுவதில் தாமதம் என்று அர்த்தம். பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறினாலும் கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகே திக்கல் தொடங்கினால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்.

வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்குப் பஃபர் அளவை மாற்றும் வசதி மென்பொருளிலேயே இருக்கும். 128 எண்கள் என்று வைத்தால் 2.7 மில்லி செகண்டுதான் கையிருப்பு. பாடும்போது தன் குரல் உடனே காதில் விழ அது தேவை. பதிவு முடிந்து மிக்ஸிங் செய்யும்போது அந்த அவசரம் இல்லை. 1,024-க்கு ஏற்றிக்கொண்டால் 21 மில்லி செகண்டு கிடைக்கும், தெறிப்பும் அடங்கும்.

லினக்ஸில் இப்போது பெரும்பாலும் பைப்வயர்தான் ஒலியைக் கவனிக்கிறது. ஃபெடோரா 2021-லும் உபுண்டு 2022-லும் அதற்கு மாறின. டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால் எர் என்று ஒரு பத்தி வரும். தெறிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் கூடினால் பஃபர் காலியாகிறது என்று பொருள். ஒலி தொடங்கும்போது மட்டும் ஒரே ஒரு ‘டப்’ என்றால் அது வேறு விஷயம். சும்மா இருக்கும்போது சவுண்ட் சிப் தூங்கிவிட்டு, பாட்டு வந்ததும் எழுகிறது. இன்டெல் சவுண்ட் டிரைவரின் பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் போய்விடும்.

யூஎஸ்பியும் புளூடூத்தும்

யூஎஸ்பி ஹெட்செட்டுக்குப் போகும் ஒலிக்கு ஒரு தனி விதி உண்டு. பென் டிரைவுக்குப் போகும் தகவல் வழியில் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பப்படும். ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. தவறினால் தவறியதுதான், ஏனென்றால் திரும்ப அனுப்பி வந்து சேர்வதற்குள் அதற்கான நேரம் போய்விடும். அதனால் வெப்கேம், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாம் தொங்கும் அதே ஹப்பில் ஹெட்செட்டைச் செருகாதீர்கள். கேபினெட்டின் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்கள்.

புளூடூத்தில் வேறு கதை. அதுவும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. யூஎஸ்பி 3.0 துளைகளும் வயர்களும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும் என்பதை 2012-இல் இன்டெல் அளந்து வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கைச் செருகியதும் புளூடூத் ஹெட்போன் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். புளூடூத்துக்காகச் செருகும் டாங்கிளை ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேசைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீரும். மதர்போர்டிலேயே புளூடூத் இருந்தால் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தங்க நிறத்தில் இரண்டு சின்னத் திருகுகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால், அவற்றில் மாட்ட வேண்டிய ஆன்டெனா இன்னும் மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டிக்குள் கிடக்கிறது. வைஃபை வேண்டாம் என்று அதை மாட்டாமல் விட்டிருப்பார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான்.

மின்சாரமான பிறகு

இந்தப் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கேபினெட்டின் முன்பக்க ஜாக்கைத்தான். அங்கிருந்து மதர்போர்டு வரை ஒரு மெல்லிய வயர் வீடியோ கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் பக்கத்திலேயே ஓடுகிறது. போகிற வழியில் அவற்றின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை உருட்டும்போது ‘கிர்ர்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால் இதுதான். பின்பக்கத்தில் பச்சை ஜாக்கில் செருகிக் கேளுங்கள். ஜாக்கைத் திருகும்போது கரகரத்தால் உள்ளே அழுக்கு. ஸ்பீக்கரின் ஒலியளவுத் திருகியைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அந்தத் திருகிக்குள் தூசி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அடித்து, பலமுறை திருப்பிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

விடாமல் வரும் ‘ம்ம்ம்’ முனகல் வீட்டு மின்சாரத்தின் குரல். நம் ஊரிலும் இலங்கையிலும் அது 50 ஹெர்ட்ஸ். கணினி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் அறையின் மறுகோடியில் வேறு பிளக்கிலும் இருந்தால், இரண்டின் எர்த்துக்கும் நடுவே சின்ன வித்தியாசம் இருக்கும். ஆடியோ வயர் அந்த இரண்டையும் இணைத்துவிடுவதால் அதன் வழியே அந்த மின்சாரமும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். தீராவிட்டால் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியைப் போடலாம்.

முனகலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்பதால் வருவது அது. உள்ளே ஏதாவது பழுதானால் அதே உலோகத்துக்கு முழு 230 வோல்ட்டும் வரும். உங்கள் கேபினெட் ஏற்கெனவே சுள்ளென்கிறது என்றால் அந்தப் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. பாட்டை மறந்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி, பாட்டின் அதே இடத்தில் மட்டும் வரும் கரகரப்பு. 16 பிட்டில் ஒலியின் உச்சி எண் 32,767. அதற்கு மேல் கணினியால் எழுத முடியாது. ஈக்வலைசரில் எல்லாப் பட்டியையும் மேலே தள்ளினாலோ, விஎல்சியில் 100-ஐத் தாண்டி 125 வரை ஏற்றினாலோ அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படும். சத்தம் கூடும் இடங்களில் மட்டும் கரகரக்கும். விஎல்சியை 100-க்கு இறக்கி, ஈக்வலைசரில் மொத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் பட்டியைக் குறைத்து, தேவையான சத்தத்தை ஸ்பீக்கரின் திருகியில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மதர்போர்டின் சவுண்ட் பகுதி மேலேயே சந்தேகம் இருந்தால், புதுக் கார்டு வாங்குமுன் ஒரு மலிவான வழி இருக்கிறது. ஜாக் இல்லாத செல்போன்களுக்கு விற்கும் டைப்-சி ஹெட்போன் அடாப்டர்களில் பல, உள்ளே டாக் வைத்த சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டுகள்தான். கணினியில் செருகினால் விண்டோஸ் தனி டிரைவர் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். அதில் பாட்டு சுத்தமாக வந்தால் கோளாறு மதர்போர்டின் சவுண்ட் பகுதியில் அல்லது அதன் டிரைவரில் இருக்கிறது, தனி யூஎஸ்பி கார்டு வாங்குவது பலன் தரும். அதிலும் அதே மாதிரி திக்கினால் எந்தக் கார்டு வாங்கினாலும் திக்கத்தான் செய்யும். லேட்டன்சிமானில் மேலே வந்து நின்ற டிரைவரைத்தான் மறுபடி கவனிக்க வேண்டும்.